கன்றை மறவாத பால்

ஸ்ரீமதே ராமானுஜாய நம:

திருப்பாவையின் இரண்டாம் பாசுரம் நோன்பின் ஒழுக்கங்களைச் சொல்லுகிற பாசுரம். நோன்பு நாள்களில் நெய்யும் வேண்டா, பாலும் வேண்டா என்று ஆய்ப்பாடிப் பெண்கள் தாங்களே கூடித் தீர்மானிக்கிறார்கள். மார்கழிதோறும் நாமும் அதைச் சேவிக்கிறோம். சேவித்த கையோடு நெய் ஒழுகும் பொங்கலைத் தளிகை செய்து எம்பெருமானுக்குக் கண்டருளப்பண்ணி, அந்தப் பிரசாதத்தை உவந்து உண்ணுகிறோம். இதில் முரண் ஏதும் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டால் தெளிவாகச் சொல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது.

கேட்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகளே. கடல் கடந்து வாழும் பாகவதர்களின் இல்லங்களில் வளரும் இளைஞர் பலர் புலாலை மட்டுமன்றிப் பாலையும் நெய்யையும் தயிரையும் விலக்கத் தலைப்பட்டுள்ளனர். வீகன் என்று வழங்கும் இந்த ஒழுக்கத்துக்குத் தமிழில் நனிசைவம் என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். அச்சொல் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தது. புலால் உண்ணாதவர்களுள் சிலர், பாலும் முட்டையும் விலங்கை வருத்தியே கிடைக்கின்றன என்று கண்டு, தமக்கென ஒரு பெயரையும் சங்கத்தையும் அமைத்துக்கொண்டனர். தேன், பட்டு, தோல் ஆகியவற்றையும் அவர்கள் தவிர்ப்பர். இந்த ஒழுக்கத்தை மேற்கொண்ட பிள்ளை, பண்டிகை நாளில் திருக்கண்ணமுதைத் தொடாமல் எழுந்து போகிறான். பெற்றோர் மனம் நோகிறார்கள். "கண்ணனே வெண்ணெய் உண்டானே" என்கிறார்கள். "கண்ணன் வீட்டுப் பசுவுக்குக் கன்று பக்கத்தில் இருந்தது. நாம் வாங்கும் பாலுக்குரிய கன்று எங்கே?" என்று பிள்ளை கேட்கிறான். அந்தக் கேள்வியைக் கோபத்தால் அடக்கிவிடலாம், விடையளித்ததாக ஆகாது.

எனவே, ஸ்ரீவைஷ்ணவன் ஒருவன் இந்த ஒழுக்கத்தை மேற்கொள்ள வேண்டுமா, மேற்கொண்டால் எவ்வளவு கண்டிப்பாக என்பதை நம் பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் நின்று சிறிது அநுபவிப்போம்.

முதலில் ஆண்டாளையே பார்ப்போம். இரண்டாம் பாசுரத்தில் விலக்கப்பட்ட பாலும் நெய்யும் இருபத்தேழாம் பாசுரத்தில் திரும்பி வருகின்றன. அன்று பாற்சோறு மறையும்படி நெய் பெய்து, அது முழங்கைவரை வழிய, எல்லோரும் அவனோடு ஒன்றாய் அமர்ந்து உண்கிறார்கள். நாம் கூடாரவல்லி என்று கொண்டாடும் நாள் அது. பால் இயல்பிலேயே தீயதாயிருந்தால் இருபத்தேழாம் நாளில் அது நல்லதாகியிராது. இயல்பிலேயே இன்றியமையாததாயிருந்தால் இரண்டாம் நாளில் அதை விட்டிருக்க மாட்டார்கள். அவனைக் காணாத நாள்களில் உண்டு களிக்க மனம் இசையவில்லை, விட்டார்கள். அவனைக் கூடியபின் உண்ணாதிருக்கக் காரணமில்லை, உண்டார்கள். இரண்டுக்கும் நடுவே மாறியது பால் அன்று, அவர்களுடைய நிலை.

இதற்கு நேர் எதிரான ஒரு விரதத்தை ஸ்ரீபாகவதம் எட்டாம் ஸ்கந்தம் சொல்லுகிறது. மகாபலியிடம் நாட்டை இழந்த தேவர்களின் தாயான அதிதி, கணவரான கசியபர் உபதேசித்தபடி, பங்குனி மாத வளர்பிறையில் பன்னிரண்டு நாள்கள் பாலை மட்டுமே அருந்தி எம்பெருமானை ஆராதித்தாள். பயோவிரதம் என்று அதற்குப் பெயர். அதன் பலனாக அவன் வாமனனாய் அவள் வயிற்றில் வந்து பிறந்தான். ஆய்ச்சியர் பாலை விட்டு அவனைப் பெற்றார்கள். அதிதி பாலையே பற்றி அவனைப் பெற்றாள். ஆகவே பாலை விடுவதே பக்தி என்பாரும், பாலின்றி பக்தி இல்லை என்பாரும் சரித்திரத்தின் ஒரு பாதியையே படித்தவர்கள்.

கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் தனக்கு இடவேண்டியவற்றை அவனே சொல்லுகிறபோது இலை, பூ, பழம், தண்ணீர் என்ற நான்கோடு நிறுத்திக்கொள்கிறான். அந்தப் பட்டியலில் பால் இல்லை. குசேலர் கொண்டுசென்ற அவலில் பாலும் இல்லை, நெய்யும் இல்லை. மறுபுறம், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடாக்களில் வெண்ணெயும் நூறு தடாக்களில் அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் வாய் நேர்ந்தாள். அதை எம்பெருமானார் பிற்காலத்தில் நிறைவேற்றிவைத்து, அவளால் அண்ணன் என்று அழைக்கப்பெற்றார். வெறும் தண்ணீரையும் ஏற்பான், நூறு தடா அக்காரவடிசிலையும் ஏற்பான். அவன் பார்ப்பது இடுகிறவனுடைய நெஞ்சை.

'அப்படியானால் உணவைப் பற்றி ஆராயவே வேண்டாமே' என்று ஒருவர் நினைக்கலாம். எம்பெருமானார் அப்படி விடவில்லை. ஆகாரம் தூயதானால் உள்ளம் தூயதாகும், உள்ளம் தூயதானால் இடையறாத நினைவு நிலைக்கும் என்று சாந்தோக்ய உபநிஷத்து கூறும். ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், வாக்யகாரரின் திருவாக்கைக் கொண்டு, அந்த இடையறாத நினைவுக்குச் சாதனங்களாக ஏழினை அவர் காட்டியருளுகிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், கிரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. ஏழில் முதலாவதான விவேகம் என்பதே உணவைப் பற்றியது. ஜாதியாலும், ஆச்ரயத்தாலும், நிமித்தத்தாலும் கெடாத உணவைக்கொண்டு உடலைத் தூயதாக வைத்திருத்தல் என்பது அதன் பொருள்.

ஜாதி தோஷமாவது பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றம். புலால், வெங்காயம், பூண்டு முதலியன இதனால் விலக்கப்பட்டவை. வேதாந்த தேசிகன் ஆகாரநியமம் என்னும் தமிழ்ப் பிரபந்தத்தில் கொள்ளத்தக்கவற்றையும் தள்ளத்தக்கவற்றையும் வகுத்தருளியிருக்கிறார். இங்கே நம் இளைஞர்கள் ஒன்றைக் கருதவேண்டும். பொட்டலத்தின்மேல் வீகன் என்ற முத்திரை இருந்துவிட்டால் அது நமக்கு ஆகும் என்று பொருளன்று. பூண்டும் வெங்காயமும் காளானும் அந்த முத்திரைக்குள் தாராளமாக அடங்கும். பெரியவர்களும் ஒன்றைக் கருதவேண்டும். பால் சேர்ந்தவை எல்லாம் நமக்கு ஆகும் என்பதும் இல்லை. மேல்நாட்டுப் பாலாடைக்கட்டிகளுள் பல, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் என்ற பொருளைக்கொண்டு உறையவைக்கப்படுகின்றன. புலால் உண்ணாத வீட்டில் பீட்சாவின்மேல் அது வந்து அமர்வதை யாரும் கேட்பதில்லை.

நிமித்த தோஷமாவது மயிர், எச்சில் முதலியவை பட்டதனால் இடையில் வந்து சேரும் குற்றம். இதை நம் மடைப்பள்ளிகளும் இல்லங்களும் நன்கு அறியும். விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆச்ரய தோஷமாவது அந்த உணவு யாரிடமிருந்து வருகிறதோ அவரைப் பற்றி வரும் குற்றம். பாண்டவர்களுக்காகத் தூது சென்ற கண்ணன் துரியோதனன் அழைத்த விருந்தை ஏற்கவில்லை. விதுரர் திருமாளிகையில் அமுது செய்தான். துரியோதனன் அடுக்களையில் சமைத்த பண்டங்களில் குறை இருந்திராது. அன்பினால் உண்ணவேண்டும், அல்லது பசியின் நெருக்கடியால் உண்ணவேண்டும், இங்கே இரண்டும் இல்லை என்று அவனே காரணம் சொன்னான். உணவு எங்கிருந்து, எந்த நெஞ்சிலிருந்து, எந்த வழியாக நம் இலைக்கு வந்தது என்று கேட்பது புதிய நாகரிகம் அன்று. அது நம் ஸம்பிரதாயத்தின் பழைய கேள்வி.

பாலைப் பற்றி இந்தக் கேள்வியை ஸ்மிருதிகள் நேராகவே கேட்டிருக்கின்றன. ஈன்று பத்து நாள் ஆகாத பசுவின் பாலைக் கொள்ளலாகாது. சினைக்கு வந்த பசுவின் பாலும் ஆகாது. கன்றில்லாத பசுவின் பாலும் ஆகாது. மனுஸ்மிருதியும் யாஜ்ஞவல்க்ய ஸ்மிருதியும் இம்மூன்றையும் விலக்குகின்றன. பசுவின் பால் தூயது என்று கொண்டாடும் அதே சாஸ்திரம், கன்றை இழந்த பசுவின் பால் உணவாகாது என்று விதிக்கிறது. இதை நாம் மறந்தோம். நம் பிள்ளைகள் சாஸ்திரம் படிக்காமலே அதன் அருகில் வந்து நிற்கிறார்கள்.

திருப்பாவையின் பசுக்களையும் எருமைகளையும் நினைத்துப் பார்ப்போம். மூன்றாம் பாசுரத்திலும் இருபத்தொன்றாம் பாசுரத்திலும் குடங்களை நிறைத்துப் பால் சொரியும் பசுக்கள் வருகின்றன. அவற்றை ஆண்டாள் வள்ளல்களாகவே காண்கிறாள். வள்ளல் கொடுப்பவர்; பறிக்கப்பட்டவரை வள்ளல் என்று சொல்லும் வழக்கம் இல்லை. பன்னிரண்டாம் பாசுரம் இன்னும் ஆழமானது. அந்த வீட்டு ஆயன் கண்ணனுக்குத் தொண்டு செய்யப் போய்விட்டான். எருமைகளைக் கறக்க ஆளில்லை. எருமையோ தன் இளங்கன்றை நினைக்கிறது. நினைத்த மாத்திரத்தில், கறப்பார் இன்றியே மடியிலிருந்து பால் தானே பெருகி வீட்டையே சேறாக்குகிறது. கன்றின் பசியை நினைந்ததனால் சுரந்த பால் அது. ஆய்ப்பாடியின் செல்வம் முழுவதும் அந்த நினைவின் மிச்சம்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. எம்பெருமானுடைய திருக்குணங்களுள் நாம் உயிராகப் பற்றியிருப்பது வாத்ஸல்யம். வத்ஸம் என்றால் கன்று. அன்று ஈன்ற கன்றின் உடம்பில் உள்ள அழுக்கைத் தாய்ப்பசு வெறுக்காமல் தன் நாவினால் நக்கி உவப்பதுபோல, நம்முடைய குற்றங்களை அவன் போக்யமாகக் கொள்ளுகிறான் என்று ஆசார்யர்கள் வாத்ஸல்யத்துக்குப் பொருள் அருளிச்செய்வர். நம் குற்றங்களை நினைத்து நடுங்கும்போதெல்லாம் நமக்கு ஆறுதலாக நிற்பது ஒரு பசுவும் அதன் கன்றும் சேர்ந்திருக்கும் காட்சிதான். இன்று பெரிய பாற்பண்ணைகளில் கன்று பிறந்த சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. தாய் அதை நக்கி முடிப்பதற்குக்கூட எல்லா இடங்களிலும் இடமில்லை. காளைக்கன்று பால் தராதாகையால் வேண்டாத சுமையாகிறது. பால் வற்றிய பசு விலைக்குப் போகிறது. அது எங்கே போகிறது என்று விற்றவரும் சொல்வதில்லை, பால் வாங்கியவரும் கேட்பதில்லை. நம் நாட்டிலும் இறந்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் அடைத்துத் தோற்கன்றாக்கி, அதைப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கம் உண்டு. வாத்ஸல்யம் என்ற சொல்லை நாள்தோறும் வாயால் சொல்லும் நாம், அந்தச் சொல்லுக்கு உவமையான தாயையும் கன்றையும் பிரித்து வந்த பாலை எதுவும் கேளாமல் கண்டருளப்பண்ணலாமா? இந்தக் கேள்வி நம்மைச் சிறிது உறுத்தத்தான் வேண்டும்.

திருவாய்மொழி முதற்பத்தின் ஆறாம் பதிகத்தில் நம்மாழ்வார் எம்பெருமானை ஆராதிப்பதன் எளிமையைக் காட்டுகிறார். நீரும் புகையும் பூவும் போதும் என்பது அதன் கருத்து. இன்ன பூ என்று ஆழ்வார் சொல்லாததனால், எந்தப் பூவும் ஆகும், முள் நிறைந்த கண்டகாலிப் பூவும் ஆகும் என்று பராசர பட்டர் அருளிச்செய்தார். அருகிலிருந்த நஞ்சீயர், அந்தப் பூ பகவானுக்கு ஆகாது என்று சாஸ்திரம் விலக்குகிறதே என்று கேட்டார். அதற்குப் பட்டர், அது அவனுக்கு ஆகாது என்பதற்காக விலக்கியதன்று, பறிக்கிற அடியாருடைய கையில் முள் தைக்குமே என்பதற்காக விலக்கியது என்று பொருள் விரித்தார். ஈட்டில் உள்ள இந்த ஐதிஹ்யம் நம் கேள்விக்கு ஒரு திறவுகோல்.

விதியின் உள்ளே ஒரு கருணை இருக்கிறது என்று பட்டர் காட்டினார். பூவில் தோஷம் இல்லை. அவனுக்கு அதில் வெறுப்பும் இல்லை. ஆனால் தனக்கு இடப்படும் பொருளுக்காக ஓர் உயிரின் கை நோவதை அவன் திருவுள்ளம் பொறுப்பதில்லை. பாலிலும் தோஷம் இல்லை. அவனுக்கு அது உகப்பானதே. ஆயினும் அந்தப் பால் நம் கிண்ணத்தை அடைவதற்கு நடுவே எந்த உயிருக்கு முள் தைத்தது என்று பார்க்க வேண்டாவா? பட்டர் பாலைப் பற்றி இப்படிச் சொன்னார் என்று நாம் கூறவில்லை. முள்ளுக்கு இரங்கிய திருவுள்ளம் கன்றுக்கும் இரங்கும் என்று கொள்வதில் தவறில்லை என்றே கூறுகிறோம். வாக்யகாரர் சொன்ன ஏழனுள் ஐந்தாவதான கல்யாணத்தில் உண்மை, நேர்மை, தயை, தானம் முதலியவற்றோடு அஹிம்ஸையும் அடங்கியிருக்கிறது. உணவின் தூய்மையும் உயிர்க்கு இரங்குதலும் ஒரே மாலையில் தொடுத்த பூக்கள்.

இனி, எவ்வளவு கண்டிப்பு என்பது.

முற்றிலும் ஹிம்ஸை கலவாத உணவு இவ்வுலகில் இல்லை. மகாபாரத வனபர்வத்தில் தர்மவியாதர் கௌசிகருக்கு இதையே எடுத்துரைக்கிறார். கலப்பை மண்ணைக் கீறும்போது எத்தனை உயிர்கள் மடிகின்றன, நடக்கும் காலடியில் எத்தனை மடிகின்றன என்று அவர் கேட்கிறார். பாலை விட்டு, பருப்பும் அரிசியும் மட்டுமே உண்பவனும் இதற்கு விலக்கல்லன். ஆகவே 'நான் ஒரு குற்றமும் இன்றி உண்கிறேன்' என்ற நிலையை யாரும் அடையமுடியாது. அடைந்துவிட்டதாக நினைப்பவனே பெரிய குற்றத்தில் இருக்கிறான். ஏழனுள் நான்காவதான கிரியையைச் சொல்லுமிடத்தில், ஐம்பெரு வேள்விகளைத் தன் சக்திக்கு ஏற்பச் செய்தல் என்றே வரையறுத்தார்கள். சக்திக்கு ஏற்ப என்ற அளவு சாஸ்திரமே தந்த அளவு. சிறு குழந்தை, கருவுற்ற பெண், நோயாளி, முதியவர் ஆகியோருக்கு ஒரே அளவுகோல் இல்லை. பாலையும் முற்றிலும் விடுகிறவர்கள் பி12 என்னும் உயிர்ச்சத்தை வேறு வழியில் பெற்றாக வேண்டும். இதை மருத்துவரிடம் கேட்டுச் செய்வது நியமத்துக்குக் குறைவன்று. உடலை வாட்டிக்கொள்பவனுக்கு யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்லியிருக்கிறது.

நியமத்தில் சிறு பிழை நேர்ந்தால் சிலர் ஒடிந்துபோகிறார்கள். வாங்கிய ரொட்டியில் பால்பொடி கலந்திருந்தது பின்னர் தெரிகிறது. எல்லாம் பாழாயிற்று என்று சோர்கிறார்கள். ஏழனுள் ஆறாவதான அநவஸாதம் இவர்களுக்காகவே சொல்லப்பட்டது. மனம் தளராதிருப்பதே ஒரு சாதனம். வேறு சிலர் நியமம் நன்கு நடந்தால் பூரித்துப்போகிறார்கள்; நடவாதவர்களை இகழ்கிறார்கள். ஏழாவதான அநுத்தர்ஷம் இவர்களுக்குரியது. மிதமிஞ்சிய களிப்பு இல்லாதிருப்பதும் ஒரு சாதனம். ஆண்டாளின் இரண்டாம் பாசுரத்தை மீண்டும் பாருங்கள். பாலும் நெய்யும் வேண்டா என்ற அதே மூச்சில் பிறர்மேல் கோள் சொல்லலாகாது என்ற நியமமும் இருக்கிறது. கொடுக்கவேண்டியவர்க்கு இயன்றமட்டும் கொடுக்கவேண்டும் என்ற நியமமும் இருக்கிறது. பாலை விட்டுவிட்டு, பால் குடிப்பவர்களைப் பற்றிக் குறை பேசிக்கொண்டிருப்பவன் அந்த நோன்பில் பாதியை முறித்தவன். அங்கே விதிகள் எல்லாம் 'நாம்' என்ற தன்மைச் சொல்லில் அமைந்திருப்பதையும் கருதுக. அடுத்த வீட்டுக்காரியை நோக்கி எந்த விதியும் சொல்லப்படவில்லை.

பிரபந்நர்களாகிய நமக்கு இன்னொரு தெளிவும் வேண்டும். பாலை விடுவதாலோ கொள்வதாலோ நமக்கு மோக்ஷம் வருவதில்லை. அவன் திருவடிகளே உபாயம். உணவு நியமம் உபாயமன்று; அவன் உகப்பதைச் செய்து உகவாததைத் தவிர்க்கும் அடிமைத்தொழில். உபாயமாக நினைத்தால் கண்டிப்பில் அச்சம் வரும். கைங்கர்யமாக நினைத்தால் கண்டிப்பில் அன்பு வரும். பெருமாளுக்கு மாலை கட்டுபவள் வாடிய பூவை ஒதுக்குவது பயத்தினால் அன்றே.

நடைமுறையில் சிலவற்றைச் சொல்லலாம். இல்லத்துக் கோயிலாழ்வாரில் கண்டருளப்பண்ணும் தளிகை நம் தேர்வுக்கு உட்பட்டது. அங்கே நம் கேள்வியைக் கண்டிப்பாகக் கேட்கலாம். கன்று குடித்தபின் கறந்து, பால் வற்றிய பசுவையும் காளையையும் கடைசிவரை காக்கும் கோசாலைகள் நம் நாட்டிலும் வெளிநாடுகளிலும் உண்டு. அப்படிப்பட்ட பால் கிடைக்குமிடத்தில், விலை கூடுதலானாலும், அதையே வாங்கிச் சிறிதளவு சமர்ப்பிப்பது பாலைக் கைவிடுவதைவிட மேலான கைங்கர்யம். பசு காக்கப்படுவதற்கு அதுவே உதவுகிறது. அது கிடையாதவிடத்தில், பால் இன்றியே நிறைவாகத் தளிகை செய்யலாம். நல்லெண்ணெயில் புளியோதரை, தேங்காய்ப்பாலில் திருக்கண்ணமுது, சுண்டல், பானகம், பழங்கள் யாவும் நம் மரபில் உள்ளவையே. ஆந்திர தேசத்து மங்களகிரியில் நரசிம்மனுக்கு வெல்லம் கரைத்த பானகமே பிரதானமாகச் சமர்ப்பிக்கப்படுகிறது. அவன் பாதியை ஏற்று மீதியை அடியார்க்கே தருகிறான் என்பது அத்தலத்தின் பிரசித்தி.

கோயிலிலும் ததீயாராதனத்திலும் நிலை வேறு. அங்கே கையில் விழும் பிரசாதம் நாம் தேர்ந்தெடுத்த உணவன்று. அவன் அமுது செய்து நமக்கென்று மிச்சம் வைத்த அருள். அதை முகம் சுளித்து மறுப்பது எந்த நியமத்துக்கும் அழகன்று. நியமம் பூண்டவர் இரு கையாலும் ஏற்று, கண்ணில் ஒற்றி, ஒரு பருக்கையளவு உட்கொண்டு, மீதியை அருகில் இருக்கும் அடியார்க்கு வணங்கிக் கொடுக்கலாம். அதுவும் தம் உடலுக்கோ உறுதிக்கோ ஒவ்வாதென்றால் தீர்த்தமும் திருத்துழாயும் ஸ்ரீசடாரியும் இருக்கின்றன; அவற்றில் எந்தக் குறையும் இல்லை. தமக்கு எது தகும் என்பதைத் தம் ஆசார்யனிடம் விண்ணப்பித்துத் தெளிந்துகொள்வதே முறை.

விரதமும் உபசாரமும் மோதும்போது என்ன செய்வது என்பதற்கு அம்பரீஷ சரித்திரம் விடை சொல்லும். ஏகாதசி விரதம் முடித்துத் துவாதசி பாரணைக்கு அரசன் காத்திருக்கிறான். விருந்தாளியாக வந்த துர்வாசர் நீராடப்போய்த் திரும்பவில்லை. துவாதசி கழிந்தால் விரதம் கெடும்; விருந்தினரை விட்டு உண்டால் மரியாதை கெடும். பெரியோர்களைக் கேட்டு, உண்டதும் ஆகி உண்ணாததும் ஆகிய தண்ணீரை மட்டும் அவன் அருந்தினான். விரதத்தையும் விடவில்லை, விருந்தினரையும் இகழவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மிடறு நீருக்கு இடம் கண்டான். துர்வாசர் சினந்தபோதும் அவன் அவரை இகழ்ந்து ஒரு சொல் சொல்லவில்லை. திருவாழி காத்தது அந்தப் பொறுமையை.

நம் இல்லங்களிலும் இப்படி ஒரு மிடறு நீரைத் தேடவேண்டும். பிள்ளையின் நியமத்தைக் கேலி செய்யாமல், பண்டிகைத் தளிகையில் அவன் உண்ணத்தக்க ஒன்றைப் பெருமாளுக்குச் சேர்த்துக் கண்டருளப்பண்ணுவது தாய்க்கு அரிதன்று. பாட்டி ஆசையோடு நீட்டும் வெண்ணெயுருண்டைக்கு முன் பாற்பண்ணையின் கொடுமைகளைப் பட்டியலிடாமல், ஒரு புன்னகையோடு விலகிக்கொள்வது பிள்ளைக்கும் அரிதன்று. பிள்ளையின் கேள்வியால் வீட்டுக்கு வரும் பால் எங்கிருந்து வருகிறது என்று தகப்பனார் ஒருமுறை விசாரித்தாரானால், அந்த நோன்பு ஓர் உயிருக்காவது பயன்பட்டதாகும்.

சுருங்கச் சொல்வோம். தன் இலையைப் பற்றிக் கேட்கும்போது இயன்ற அளவு கண்டிப்பாய் இருப்போம். எம்பெருமானுக்கு இடுவதைப் பற்றிக் கேட்கும்போது இன்னும் ஒரு படி கூடுதலாய் இருப்போம். பிறருடைய இலையைப் பார்க்கும்போது கண்டிப்பை அறவே விட்டுவிடுவோம். இருபத்தேழாம் பாசுரத்தில் ஆண்டாள் வேண்டியதன் உயிர் பாலிலும் இல்லை, நெய்யிலும் இல்லை. எல்லோரும் அவனோடு ஒன்றாய் அமர்ந்திருப்பதில் இருக்கிறது. அந்தப் பந்தியில் தாயும் பிள்ளையும் அருகருகே அமரவேண்டும். தொழுவத்தில் பசுவும் கன்றும் அருகருகே நிற்கவேண்டும். இவ்விரண்டையும் காக்கும் நியமம் எதுவோ, அதுவே கோவிந்தன் என்று பெயர் பெற்றவன் உகக்கும் நியமம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.